எடைக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா?

கேள்வி:
என் கணவருக்கு 52 வயது, 104 கிலோ. அவருடைய சித்தப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று போன மாதம் தெரிந்தது, அவரும் நல்ல பருமன். குண்டாக இருப்பவர்களுக்கு இந்த நோய் வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா? எடையைக் குறைங்க என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு 11:20
இல்லை. ரத்தப் புற்றுநோய் ஆளின் எடையைப் பார்த்து வருவதில்லை. 17 வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஒல்லியானவர், குண்டானவர், கைக்குழந்தை என்று எல்லாருடைய ஸ்லைடும் என் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வந்திருக்கிறது. வீடியோவைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

ஜனவரி 10, காலை 6:05
நேற்று எழுதியது தப்பு. படுத்த பிறகுதான் உறைத்தது. எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாலே கோபம் வரும், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். அந்தக் கோபத்தில் பதில் எழுதிவிட்டேன்.

சரியான பதில் இது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, அதிகக் கொழுப்புச் சேராமல் இருந்தால் ஆபத்து குறையும் என்று போதிய ஆதாரம் உள்ள புற்றுநோய்களை 2016-இல் பட்டியல் போட்டது. மொத்தம் 13. குடல், சிறுநீரகம், கருப்பை, மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய் போன்றவை 2002-லேயே சொல்லப்பட்டவை. புதிதாகச் சேர்ந்த எட்டில் ஒன்று மல்டிபிள் மைலோமா. அது எலும்பு மஜ்ஜையில் ஆரம்பிக்கும் ஒரு ரத்தப் புற்றுநோய்தான். நிணநீர் மண்டலத்தில் வரும் ரத்தப் புற்றுநோயான லிம்போமாவில் ஒரு வகைக்கு (பரவலான பெரிய பி செல் லிம்போமா) ஆதாரம் இருக்கிறது, ஆனால் குறைவு என்று சொன்னார்கள்.

ஆக, தொடர்பு உண்டு. எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் ஒரே மாதிரி கிடையாது, அவ்வளவுதான்.

ஜனவரி 10, மதியம்
"தொடர்பு உண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அதுவும் பயமுறுத்தல்தான், அதனால் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். சரியான எடையில் இருப்பவரோடு ஒப்பிட்டால், மிக அதிகப் பருமனில் இருப்பவருக்கு மைலோமா வரும் ஆபத்து சுமார் 1.5 மடங்கு. அதே ஒப்பீட்டில் கருப்பைப் புற்றுநோய்க்கு 7 மடங்கு. வித்தியாசம் புரிகிறதல்லவா?

அந்த ஒன்றரை மடங்கும் எதில் ஒன்றரை என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வாழ்நாள் முழுவதும் கணக்கெடுத்தால் 1,000 பேரில் ஏறத்தாழ 8 பேருக்கு மைலோமா வருகிறது. அதை ஒன்றரை மடங்காக்கினால் 12. இது தோராயக் கணக்கு, ஆனாலும் 1,000 பேரில் 988 பேருக்கு அது வரப்போவதில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் கணவருடைய எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமானால் சர்க்கரையும் இதயமும்தான் முதலில் வந்து நிற்கும்.

ஜனவரி 11
கொழுப்புக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம், கொழுப்பு தோலுக்கு அடியில்தானே இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வியும்கூட.

இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் எலும்பு மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். டாக்டர் சிரிஞ்சைத் திருப்பி என் கையில் கொடுத்ததும் ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு லேசாகச் சாய்ப்பேன். ரத்தம் வழிந்து ஓடிவிடும், ரவை மாதிரிச் சின்னச் சின்னத் துகள்கள் ஸ்லைடிலேயே தங்கும். அதுதான் மஜ்ஜை. விளக்கு வெளிச்சத்தில் அந்தத் துகள்கள் பளபளக்கும், சுற்றிலும் எண்ணெய்த் துளி மிதக்கும். துகளும் எண்ணெயும் கண்ணில் பட்டால்தான் ஊசி சரியான இடத்துக்குப் போயிருக்கிறது என்று தைரியம் வரும். ஆக, ரத்தம் பிறக்கிற இடத்திலேயே கொழுப்பு இருக்கிறது, எல்லாருக்கும், எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும். பிறந்த குழந்தைக்குச் சிவப்பு மஜ்ஜைதான், வயது ஏற ஏற கொழுப்பு நிறைந்த மஞ்சள் மஜ்ஜை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கொழுப்புச் செல்லை வெறும் சேமிப்புக் கிடங்கு என்றுதான் நானும் படித்தேன், அது பழைய பாடம். அது ஓயாமல் ரசாயனச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும் உறுப்பு. அது சுரப்பதில் ஒன்று இன்டர்லூக்கின்-6. மைலோமா என்பது பிளாஸ்மா செல்கள் (நோய் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் மஜ்ஜைச் செல்கள்) கட்டுக்கடங்காமல் பெருகுவது, அந்தச் செல்களுக்கு இன்டர்லூக்கின்-6 வளர்ச்சிக்கான தீனி. பருமன் கூடினால் இது கூடும், இன்சுலினும் கூடும், அழற்சியை அடக்கி வைக்கிற அடிப்போனெக்டின் குறையும். மைலோமாவுக்கும் எடைக்கும் முடிச்சு எங்கே விழுகிறது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுகிறார்கள்.

ஜனவரி 14, இரவு
கோபத்துக்குக் காரணம் சொல்கிறேன் என்றேன்.

என் அக்காவுக்கு மைலோமா. தெரிந்தபோது வயது 57, மூன்று வருடம் ஆகிறது. அக்கா சின்ன வயதிலிருந்தே பருமன். முதுகுவலி என்று ஆரம்பித்தது. பார்த்த டாக்டர் எடையைப் பார்த்தார், முதுகைத் தட்டிப் பார்த்தார், "எடையைக் குறைங்கம்மா, வலி தானா போயிடும்" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்து பார்த்தவரும் அதேதான் சொன்னார். அக்கா அதை நம்பி வைராக்கியமாக நடந்தாள், சாப்பாட்டைக் குறைத்தாள். எட்டு மாதத்தில் 11 கிலோ போயிற்று. குடும்பத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். போனில் வீடியோ போட்டு கன்னம் வற்றியிருப்பதைக் காட்டுவாள். "சூப்பர்க்கா, இன்னும் பத்து கிலோதான்" என்று நான்தான் ஏற்றிவிட்டேன். வலி மட்டும் குறையவே இல்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள், டயட்டில் இருக்கிறாயே, பலவீனம்தான் என்றேன்.

கடைசியில் வேறு எதற்கோ எங்கள் லேபுக்கு வந்தவளை, வந்ததுதான் வந்தாய் என்று நானே ரத்தம் எடுத்தேன். ஹீமோகுளோபின் 8.7. ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாகக் கீழே படிகின்றன என்று பார்க்கும் சோதனை) குழாயை நிறுத்தி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் 120-ஐத் தாண்டி இறங்கியிருந்தது. கை நடுங்கத்தான் ஸ்லைடு போட்டேன். பார்க்கும்போதே ஸ்டெயினின் பின்னணி நீலம் பாரித்துக் கிடந்தது, ரத்தத்தில் புரதம் ஏறினால் அப்படித்தான் தெரியும். லென்ஸில் பார்த்தால் சிவப்பணுக்கள் எல்லாம் காசை அடுக்கி வைத்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக நீள நீளமாக ஒட்டிக்கொண்டிருந்தன. ரூலோ என்று சொல்வோம். மற்றவர்களுடைய ஸ்லைடில் இதை எத்தனையோ தடவை பார்த்து, ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடை எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் கூடியிருந்தது. மைலோமாவில் அந்தப் புரதமே சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதற்கு மேல் எட்டு மாதம் வலி மாத்திரை. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருந்தது.

செய்தி தெரிந்ததும் சொந்தக்காரர்கள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "உடம்பைப் பார்த்துக்கிட்டிருந்தா வந்திருக்காது." அக்கா காதில் விழும்படியே சொன்னார்கள். அதிலிருந்து எடையையும் ரத்தப் புற்றுநோயையும் யாராவது சேர்த்துப் பேசினாலே எனக்கு உடம்பு பற்றிக்கொள்ளும்.

ஜனவரி 15
நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். எடை அக்காவுக்குக் கெடுதல் செய்தது என்பது உண்மை. ஆனால் நோயை வரவழைத்ததைவிட நோயை மறைத்ததில்தான் அது அதிகம் செய்தது என்று நினைக்கிறேன். குண்டாக இருப்பவர் வலி என்றால் எல்லார் கண்ணும் எடை மேலேயே போகிறது. எடை குறைந்தால் கைதட்டுகிறோம், ஏன் குறைகிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை, இத்தனைக்கும் எனக்கு இதுதான் தொழில்.

முதல் கேள்வி கேட்டவருக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான். உங்கள் கணவருக்கு 104 கிலோ இருப்பதால் நோய் வருமா என்று கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 104 கிலோ இருக்கிற காரணத்தால் அவர் சொல்கிற வலியையும் அசதியையும் யாராவது கேட்காமல் தட்டிவிடுகிறார்களா என்று பாருங்கள்.

ஜனவரி 15, இரவு
அவசரத் திருத்தம். மூன்று பேர் தங்கள் ஈ.எஸ்.ஆர். எண்ணை அனுப்பிவிட்டார்கள். ஈ.எஸ்.ஆர். கூடினாலே மைலோமா என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். சளி, காய்ச்சல், மூட்டுவாதம், ரத்தசோகை, கர்ப்பம், எதற்கும் கூடும். வயதோடும் ஏறும், பருமனாக இருந்தாலே கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். 50 தாண்டியவருக்கு விடாத முதுகுவலி, காரணம் தெரியாத ரத்தசோகை, கிரியாட்டினின் ஏற்றம், கால்சியம் ஏற்றம், இதில் இரண்டு சேர்ந்து வந்தால் "சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரசிஸ் பார்க்கலாமா டாக்டர்" என்று கேளுங்கள், ரத்தத்தில் உள்ள புரதங்களைப் பிரித்துக் காட்டும் சோதனை அது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஜனவரி 19
"நான் ஒல்லி, 58 கிலோ, சிகரெட் மட்டும்தான், அப்போ எனக்கு ரத்தப் புற்றுநோய் பயம் இல்லையே" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

இருக்கிறது, தம்பி. புகையில் பென்சீன் உண்டு. ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமான பொருள் அது. தீவிர மைலாய்டு லுக்கேமியாவுக்கு (மஜ்ஜையில் வேகமாகப் பெருகும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) புகைப்பழக்கம் ஒரு காரணம் என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை 2004-லேயே சொல்லிவிட்டது. நுரையீரலுக்குத்தானே கெடுதல் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உறிஞ்சும் புகை நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்து மஜ்ஜை வரைக்கும் போகிறது. வாழ்க்கைமுறை என்றதும் எடையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம், ரத்தப் புற்றுநோய் விஷயத்தில் கைவிட வேண்டிய பழக்கம் எது என்று என்னைக் கேட்டால் முதலில் சிகரெட்டைத்தான் சொல்வேன்.

பெயின்ட் கரைப்பான், பெட்ரோல், பசை வைத்து வேலை செய்கிறவர்களுக்கும் பென்சீன் பிரச்சினை உண்டு. அது வாழ்க்கைமுறை கிடையாது, பிழைப்பு. அவர்களிடம் போய் ஒழுங்காக வாழுங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை, காற்றோட்டத்தையும் கையுறையையும் முதலாளிதான் தர வேண்டும்.

ஜனவரி 23
ஒரு அம்மா தனியாக எழுதியிருந்தார். ஆறு வயது மகனுக்கு லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா. பையன் கொஞ்சம் பூசினாற்போல இருப்பானாம். நான் கொடுத்த சாப்பாட்டால்தான் வந்ததா என்று கேட்கிறார்.

அம்மா, இல்லை. இதை ஒரு தடவைக்கு நான்கு தடவை சொல்கிறேன், இல்லை. குழந்தைகளுக்கு வரும் இந்த லுக்கேமியாவில் முதல் மரபணுப் பிழை பல சமயம் பிறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பிறந்தவுடன் குதிகாலில் எடுத்து வைக்கும் ரத்தப் பொட்டுகளில் அந்தப் பிழையைப் பின்னாளில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நீங்கள் ஊட்டியதில் எதுவும் இதைச் செய்யவில்லை. சிகிச்சையின்போது எடை எவ்வளவு இருக்கலாம் என்பதை மட்டும் அவனுடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது மருந்து வேலை செய்வது சம்பந்தப்பட்ட விஷயம். இந்த நோயில் இன்று பெரும்பாலான குழந்தைகள் குணமாகிறார்கள்.

ஜனவரி 24
நேற்றைய பதிலுக்கு "அப்போ எதுவுமே நம் கையில் இல்லையா" என்று கேட்டிருக்கிறார்கள்.

பெரியவர்களுக்குக் கொஞ்சம் இருக்கிறது. 2016-இல் 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. ஓய்வு நேரத்தில் அதிகமாக நடப்பது, ஓடுவது, நீந்துவது என்று உடம்பை அசைக்கிறவர்களுக்கு மைலாய்டு லுக்கேமியா சுமார் 20 சதவீதமும் மைலோமா சுமார் 17 சதவீதமும் குறைவாக இருந்தன. எனக்கு இதில் பிடித்தது, நடப்பதன் பலன் எடை குறைந்தால்தான் என்று இல்லை. எடையைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் பெரும்பாலான புற்றுநோய்களில் அந்தத் தொடர்பு நின்றது. தராசு முள் நகரவில்லையே என்று நடையை நிறுத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஜனவரி 24, பின்குறிப்பு
ஒன்றை விட்டுவிட்டேன். இந்த மாதிரி ஆய்வில் ஒரு குழி உண்டு. நோய் உள்ளே ஆரம்பித்துவிட்டவர் அசதியில் நடக்கவே மாட்டார், அப்படியானால் நடக்காததால் நோயா, நோயால் நடக்கவில்லையா? எடையிலும் இதே சிக்கல்தான், என் அக்காவின் 11 கிலோவை நினைத்துப் பாருங்கள், அந்த நேரத்தில் எடை பார்த்துப் பதிவு செய்திருந்தால் அவள் பட்டியலில் ஒல்லியானவர்கள் பக்கமாக நகர்ந்திருப்பாள். அதனால்தான் ஆய்வாளர்கள் நோய் தெரிவதற்கு முந்தைய சில வருடங்களைத் தள்ளிவிட்டும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 2
முதல் கேள்வியில் "சித்தப்பாவுக்கு" என்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. என்ன வகை என்று கேட்டதற்கு இப்போது பதில் சொல்லியிருக்கிறார்: நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா, சி.எம்.எல்.

இத்தனை நாள் நான் மைலோமாவைப் பற்றி எழுதித் தள்ளிக்கொண்டிருக்கிறேன், உங்கள் வீட்டுக் கவலையோ முற்றிலும் வேறு நோய்! சி.எம்.எல்.-இல் 9-வது குரோமோசோமும் 22-வது குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. ஒட்டுப்போட்டுக் குட்டையான அந்த 22-க்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர், 1960-இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிழை பிறவியில் வருவதில்லை, வாழ்நாளில் மஜ்ஜையின் ஒரே ஒரு செல்லில் நடப்பது, அண்ணன் மகனுக்கு ரத்த வழியில் வந்து சேராது. சித்தப்பாவுக்கு மாத்திரை எழுதியிருப்பார்கள். 2001-இல் இமாட்டினிப் வந்த பிறகு இந்த நோயின் கதையே மாறிவிட்டது. நேரம் தவறாமல் மாத்திரை போடுகிறவர்களில் பலர் மற்றவர்களைப் போலவே முழு ஆயுளும் வாழ்கிறார்கள். மாத்திரையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பார்த்தவரையில் இதில் தடுக்கி விழுகிற இடம் அதுதான்.

மைலோமாவில் குடும்பத் தொடர்பு கொஞ்சம் உண்டு, பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. அந்தக் கணக்கு எனக்குத்தான் பொருந்தும்.

பிப்ரவரி 11
எனக்கும் பார்த்தாயிற்று. எலக்ட்ரோஃபோரசிஸில் அசாதாரணப் புரதத்தைக் காட்டும் பட்டை எதுவும் இல்லை. பட்டை இருந்திருந்தாலும் அது உடனே நோய் ஆகிவிடாது. 50 வயதுக்கு மேல் சுமார் 3 சதவீதம் பேரின் ரத்தத்தில் அந்த அசாதாரணப் புரதம் சிறிதளவு இருக்கிறது, எம்.ஜி.யூ.எஸ். என்பார்கள். அவர்களில் வருடத்துக்கு 100-இல் ஒருவர்தான் மைலோமா போன்ற நோய்க்கு மாறுகிறார். அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரை வைத்து 2017-இல் வந்த ஆய்வில், எம்.ஜி.யூ.எஸ். உள்ளவர்களில் பருமனானவர்கள் மைலோமாவுக்கு மாறுவது கூடுதலாக இருந்தது. ஆகவே எடையைக் கவனிக்க உருப்படியான காரணம் யாருக்காவது இருக்கிறதென்றால் அது இவர்களுக்குத்தான் என்பேன்.

நானும் 81 கிலோ. சாயங்காலம் 40 நிமிடம் நடக்க ஆரம்பித்திருக்கிறேன்.

பிப்ரவரி 20
பருமனான நோயாளிக்கு கீமோ மருந்தின் அளவைக் குறைத்துத்தான் கொடுப்பார்களாமே, இல்லாவிட்டால் தாங்காதாமே என்று கேட்டவருக்கு: முன்பு பல இடங்களில் அப்படிச் செய்தார்கள். 2012-இல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் வழிகாட்டுதல் வெளியிட்டது, குணப்படுத்தும் நோக்கமுள்ள சிகிச்சையில் உண்மையான எடைக்கு உரிய முழு அளவையே கொடுக்க வேண்டும் என்று. பயந்து குறைத்தால் நோய்க்குத்தான் லாபம்.

அக்காவுக்கு வயிற்றுத் தோலில் போடும் ஊசி. உயரம் எடை பார்த்து உடல் பரப்பளவைக் கணக்கிட்டு நர்ஸ் அளவை உரக்கச் சொன்னதும் அக்கா என்னைப் பார்த்து, "ஏன்டி, என் எடையைக் கேட்டுட்டுத் திட்டாத முதல் ஆள் இவங்கதான்" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

மார்ச் 6
அக்கா எப்படி இருக்கிறாள் என்று பலர் கேட்கிறீர்கள். அவளுடைய ஸ்டெம் செல்லையே (ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்) எடுத்து வைத்துத் திரும்பச் செலுத்தினார்கள், இப்போது தினமும் மாத்திரை. ஸ்டீராய்டு எடுத்த மாதங்களில் பசி தாங்காமல் குறைந்த 11 கிலோவில் 9 திரும்பி வந்துவிட்டது. போன வாரம் ரத்தம் கொடுக்க வந்தபோது தராசில் ஏறி நின்று, "ஏறிடுச்சுடி" என்றாள். ஏறட்டும்க்கா என்றேன். வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அவளை அனுப்பிவிட்டு ஸ்லைடு போட்டேன். பின்னணி தெளிவாக இருந்தது. சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகக் கிடந்தன.